பலாமரமும் பட்டை ரம்பமும்

தலைநகருக்குப் பிழைக்க வந்த நம்மவருள் பெரும்பாலார்க்கும் ஊரில் ஏதேனும் ஒரு மரம் இருக்கும். வீடு பங்காளிகள் கைக்குப் போயிருக்கலாம்; நிலம் அடமானத்தில் மூழ்கியிருக்கலாம்; ஆயினும் "எங்கள் கொல்லையில் ஒரு மாமரம் உண்டு" என்று பேச்சைத் தொடங்கினால், ராமகிருஷ்ணபுரம் அரசுக் குடியிருப்பின் மூன்றாம் மாடியிலும் ஒரு முகம் மலர்வதைக் காணலாம். நமக்கு வாய்த்தது பலா. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிக்குக் கிழக்கே, செம்மண் பூமியில், பாட்டனார் வைத்தது, தகப்பனார் காத்தது. நாம் செய்ததெல்லாம் பழம் தின்றதும், பி.ஏ. தேறியதும், தேர்வெழுதி ரயிலேறியதும்தான்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளின் வழியே மேற்கு நோக்கிப் போயிற்று. போன வழியில் தென்னந்தோப்புகள் நாணற்காடுபோல் சாய்ந்தன. நான்கு நாள் தம்பியின் குரலைக் கேட்க வழியில்லை. ஐந்தாம் நாள் பேசினான். அம்மா நலம், ஓடுகள் பறந்துவிட்டன, வாசல் நிலை முறிந்து கதவு திண்ணையில் கிடக்கிறது. இவ்வளவும் சொல்லிவிட்டுச் சற்றுப் பேசாமல் இருந்தான். பிறகு, "அண்ணே, பலா போயிருச்சு" என்றான்.

இரண்டு வாரத்தில் மர வியாபாரி வந்தார். ஊரெங்கும் மரம் விழுந்து கிடக்கும்போது மரத்துக்கு ஏது விலை? அவர் கேட்டது நாலாயிரம் ரூபாய். "விறகாக் கேக்குறாங்கண்ணே" என்று தம்பி சொன்னபோது, நாம் அடிமரத்தின் சுற்றளவையும் நீளத்தையும் அளந்து சொல்லச் சொன்னோம். சுற்றளவு அறுபத்து நான்கு அங்குலம். நேரான நீளம் ஒன்பதடி. மரக்கடைக் கணக்கு எளிது: சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். பதினாறு அங்குலம் என்பது ஒன்றே மூன்றிலொரு அடி. கணக்கிட்டால் பதினாறு கன அடி வருகிறது. ஆனால் உருண்டை மரத்தின் மெய்யான கன அளவு இருபதுக்கும் மேல். இந்தக் கால்சுற்றுக் கணக்கு நூற்றுக்கு இருபத்தொன்றரைப் பங்கை, பட்டைக்கும் கழிவுக்குமென்று, எழுதாமலே விட்டுவிடுகிறது. பிறர் போட்ட கூட்டலைச் சரிபார்த்தே நரை கண்ட நமக்கு இது நெஞ்சில் தைத்தது. மரம் விற்பனைக்கில்லை என்று சொல்லிவிட்டோம். சொல்லிய பிறகுதான் அதை என்ன செய்வதென்ற கேள்வி பிறந்தது.

அறுவை ஆலைக்குக் கொண்டு போகலாமே எனின், பாரந்தூக்கி வேண்டும், லாரி வேண்டும். அவையெல்லாம் அப்போது சாலையில் விழுந்த மரங்களையும் மின்கம்பங்களையும் அகற்றிக்கொண்டிருந்தன. இந்நிலையில்தான் ஒரு சனிக்கிழமை தில்லிக் கீர்த்தி நகர் மரச் சந்தையில், அலுவலக நண்பர் ஒருவர் கட்டில் வாங்கத் துணைக்குப் போன இடத்தில், அந்த இயந்திரத்தைக் கண்டோம்.

பட்டை ரம்பம் என்பது இரு சக்கரங்களின்மேல் மாலைபோல் ஓடும் பல்வைத்த எஃகுப் பட்டை. 1808-இல் இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் பட்டையின் இரு முனைகளையும் அறுந்துபோகாமல் இணைக்க எவருக்கும் தெரியவில்லை. ஏறத்தாழ நாற்பதாண்டு கழித்து, 1846-இல், ஆன் போலின் கிரெப்பின் என்ற பிரெஞ்சுப் பெண்மணி அதற்கு ஒரு வழி கண்டார். பெரிய ஆலைகளில் ரம்பம் ஓரிடத்தில் நிற்கும். மரம் அதனிடம் போகும். நாம் கண்ட சிறு இயந்திரத்திலோ மரம் கிடந்த இடத்தில் கிடக்கும். இரு தண்டவாளங்களின்மேல் ரம்பத்தின் தலைப்பகுதியைக் கையால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கழற்றி வண்டியிலேற்றிக் கொண்டுபோகலாம். வட்ட ரம்பம் ஒவ்வோர் அறுப்பிலும் ஐந்தாறு மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும். இது தின்பது ஏறத்தாழ இரண்டு. பன்னிரண்டு அறுப்புக்கு வட்ட ரம்பம் மூன்றங்குல மரத்தை விழுங்குமென்றால் இது ஓரங்குலத்தோடு விட்டுவிடும். இரண்டு பலகை மிச்சம்.

இத்தகைய இயந்திரங்களில் பெயர்பெற்ற அயல்நாட்டுச் சரக்கும் உண்டு. அதன் விலையைக் கேட்டதும் நாம் பேச்சை மாற்றினோம். கடைக்கார சர்தார்ஜி ஒரு மூலையைக் காட்டினார். கப்பலில் வந்த மலிவுச் சரக்கு. பதின்மூன்று குதிரைச் சக்திப் பெட்ரோல் இயந்திரம். இருபத்தாறு அங்குல விட்டம் வரை அறுக்கும். விலை இரண்டு லட்சத்து எண்பதாயிரம். மின் மோட்டார் வைத்தது இன்னும் மலிவு. ஆனால் தமிழகத்தில் உழவர்க்குத் தரும் இலவச மின்சாரம் பாசனத்துக்கே உரியது. மரம் அறுக்க அதில் கை வைத்தால் குற்றமாகும். "விலை குறைந்ததை வாங்கினால் மட்டம் பார்க்கும் வேலை உங்களுடையது, பாபுஜி" என்று சர்தார்ஜி இந்தியில் சொன்னார். வியாபாரிகள் இப்படி ஏதேனும் சொல்வது வழக்கம்தானே என்று நினைத்துக்கொண்டோம்.

பணம்? மகளின் மேற்படிப்புக்கென்று வங்கியில் இட்டிருந்த வைப்புத்தொகை இருந்தது. இல்லத்தரசியாரிடம் விஷயத்தை வைத்தோம். அவர் சண்டையிடவில்லை. "உங்க தம்பி கேட்கலை. நீங்களாத்தான் கொடுக்கறீங்க. கணக்கு எழுதி வையுங்க" என்றார். பதினாறாண்டுகளாக மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்பியவர் நாம். பதினாறாண்டுகளாக அம்மாவின் மருந்தும் மாடும் மழையும் பார்த்தவன் தம்பி. இதில் எவர் எவருக்குக் கடன்பட்டவர் என்பது ஒருநாளும் பேசப்பட்டதில்லை. பலாவைக் காக்கிறோம் என்ற பெயரில் நாம் எதையோ தீர்த்துக்கொள்ளப் பார்த்தோம் என்பதை அவர் நம்மைவிடத் தெளிவாகக் கண்டிருக்க வேண்டும். அன்று முதல் ஒரு நோட்டுப் புத்தகம் நடைமுறைக்கு வந்தது.

2019 ஜூன் மாதம் விடுமுறைப் பயணச் சலுகையில் மூன்று வாரம் ஊர் போனோம். புதுக்கோட்டை லாரிக் கிடங்கிலிருந்து மரப்பெட்டி ஒரு சின்ன யானை வண்டியில் வந்திறங்கியது. உள்ளே இரும்பு, எண்ணெய்த் தாள், ஒரு பை நிறையத் திருகாணிகள், ஆங்கிலம் என்று சொல்லத்தக்க ஏதோ ஒரு மொழியில் எட்டுப் பக்கக் கையேடு. மரத்தை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பிடிகள் இரண்டும் இடப்பக்கத்துக்கே உரியவையாக இருந்தன. தம்பி அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படிச்சவங்க வாங்குற மிஷினு இப்படித்தாண்ணே இருக்கும்" என்றான். ஒன்றை ஆலங்குடிப் பட்டறையில் அறுத்து மாற்றி ஒட்டினோம். முந்நூறு ரூபாய், நோட்டில் ஏறிற்று.

தண்டவாளம் மூன்று துண்டு, பூட்டினால் பதின்மூன்றடி. செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தோம். முன்னர் வீழ்ந்த வேறொரு தடியை உருட்டியேற்றிச் சோதனை அறுப்புச் செய்தபோது வந்த பலகை, நடுவில் ஓரங்குலமும் முனைகளில் முக்காலங்குலமுமாக, படகுபோல் இருந்தது. அதுவும் நேராக அன்று, அலையடித்தாற்போல. நாம் இயந்திரத்தைப் பழித்தோம், விற்றவரைப் பழித்தோம். தம்பி எவரையும் பழிக்காமல் குனிந்து தண்டவாளத்தின் ஓரமாகக் கண்ணை வைத்துப் பார்த்தான். மரத்தின் பாரத்தில் நடுச் செங்கல் மண்ணில் இறங்கியிருந்தது.

மறுநாள் அவன் கொத்தனாரிடம் ஒளிபுகும் ரப்பர்க் குழாய் ஒன்றை இரவல் வாங்கி வந்தான். குழாயில் நீர் நிரப்பி இரு முனைகளையும் உயர்த்திப் பிடித்தால், இரண்டிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். புயலில் இடிந்த நம் பழைய வீட்டுக் கூரையின் பனங்கைகளை, ரயில் பாதையின் கட்டைகள்போல் குறுக்கே கிடத்தி, ஜல்லி இட்டு இடித்து, மூன்றடிக்கொருமுறை நீர்மட்டம் பிடித்தோம். தண்டவாளம் முழுதும் சற்றுச் சரிந்திருந்தால் கேடில்லை. முறுக்கியோ தொய்ந்தோ இருந்தால்தான் கேடு. இதை நாம் உணர்வதற்கு இரண்டு நாளாயின. பிறகு ரம்பத்துக்கும் படுகைக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளந்து ஒன்றாக்கினோம். அது ஒவ்வாவிட்டால் பலகை ஆப்புபோல் ஒருபக்கம் தடித்துவிடும். கடைசியில் பட்டையின் இறுக்கம். கையேடு சொன்னதைவிடச் சற்று அதிகம் முடுக்கியதும் அலை நின்றது. கூர் மழுங்கினாலும் இறுக்கம் தளர்ந்தாலும் பட்டை மரத்துக்குள் மேலும் கீழும் அலையுமாம். சர்தார்ஜி சொன்ன சொல் அப்போதுதான் பொருள்பட்டது. விலையில் குறைந்த தொகையெல்லாம் இந்தப் பதினோரு நாள் வேலையாக நம் கொல்லையில் வந்து நின்றது. செய்து முடித்தவன் தம்பி. நாம் குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

பன்னிரண்டாம் நாள் மாலை வனத்துறைப் பணியாளர் ஒருவர் இருசக்கர வண்டியில் வந்தார். மோர் வாங்கிக் குடித்தார். பிறகு, "லைசென்ஸ் இருக்குங்களா?" என்று கேட்டார்.

அன்பர்களே, இருபதாண்டுகள் விதிகளோடு வாழ்ந்த ஒருவர், வாங்குமுன் விதியைப் பார்க்கவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறோம். நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பகுதிக் காடுகள் அழிவதைக் கண்டு கோதவர்மன் திருமுல்பாடு என்பார் 1995-இல் தொடுத்த வழக்கில், உச்சநீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று பிறப்பித்த ஆணை, நாடெங்கும் மர ஆலைகளைக் கடிவாளத்துக்குள் கொண்டுவந்தது. 2016-இல் மத்திய அரசு வகுத்த வழிகாட்டு நெறிகளின்படி, மாநில அளவிலான குழு ஒன்று கிடைக்கும் மரத்தின் அளவை ஆய்ந்தே உரிமம் வழங்க வேண்டும். நம் பொறி சின்னது, சக்கரத்தில் ஏறிப் போவது, சொந்த மரத்துக்கானது என்றெல்லாம் வாதிட்டோம். "அதையெல்லாம் எழுதிக் கொடுங்க சார்" என்றார் அவர், பணிவாகவே.

இயந்திரத்தைத் தார்ப்பாயால் மூடினோம். பலாத்தடியைக் கருங்கல்மேல் ஏற்றி, வெடிக்காதிருக்க இரு முனைகளிலும் பெயிண்ட் பூசி, மேலே கீற்று வேய்ந்தோம். விண்ணப்பம் போயிற்று, இடவரைபடம் இரு படிகளில் இல்லை என்று திரும்பிற்று. மீண்டும் போயிற்று, வேறு குறிப்போடு திரும்பிற்று. அந்த அலுவலகத்தைக் குறை கூற நமக்கு வாயில்லை. அதே வாசகங்களை, அதே செயப்பாட்டு வினையில், நாமும் எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறோம்! 2020 மார்ச்சில் நாடே அடைபட்டது, கோப்பும் அடைபட்டது. அந்த மாதங்களில் தம்பி தொலைபேசியில் இயந்திரத்தைப் பற்றி ஒருமுறையும் கேட்கவில்லை. அந்த மௌனம் நமக்கு வைப்புத்தொகையைவிடப் பாரமாக இருந்தது.

உரிமம் 2021 ஜனவரியில் வந்தது. பொங்கலுக்கு ஊர் போனோம். கைப்பெட்டியில் கீர்த்தி நகரில் வாங்கிய நான்கு பட்டைகள். பன்னிரண்டடிப் பட்டையை மூன்று வளையமாகச் சுருட்டிச் சாக்கில் பொதிந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் கொண்டுபோவது தனிக் கலை. இரண்டாண்டு கிடந்த தடியின் வெளிறு முழுவதும் பூச்சி அரித்து உதிர்ந்திருந்தது. தம்பி இயந்திரத்தை இழுத்து உயிர்ப்பித்தான். மேற்பட்டைத் துண்டு விழுந்ததும் உள்ளே வைரம், மஞ்சள் அரைத்து வைத்தாற்போல் இருந்தது. அம்மா வந்து தூளை அள்ளி முகர்ந்து பார்த்தார்.

நான்காம் அறுப்பில், கீழிருந்து ஐந்தடி அளவில், கிரீச்சென்று ஓசை, பொறி பறந்தது. பட்டையின் பற்கள் வரிசையாகப் போயின. ஆயிரத்து நானூறு ரூபாய். தம்பி உளியால் தோண்டினான். ஆணி. சுற்றிலும் மரம் கறுத்திருந்தது. காய்க்கும் காலத்தில் இரவுக் காவலுக்குத் தகப்பனார் அரிக்கேன் விளக்கு மாட்டிய ஆணி அது. மரம் வளர்வது நுனியில்தான். அடிமரத்தில் அடித்த ஆணி உயர்வதில்லை. பருத்து வரும் மரம் அதை உள்ளே வாங்கிக்கொள்ளும். இருவரும் அதைக் கையில் வைத்துப் பார்த்தோம். "இத்த நாம மறந்தே போயிட்டமேண்ணே" என்றான் தம்பி. "நாம" என்று அவன் சொன்னதை நாம் கவனித்தோம். பட்டையை மாற்றி மீண்டும் தொடங்கினான்.

நிலைக்குச் சட்டங்களும் கதவுக்கு ஏழு பலகைகளும் தேறின. ஆசாரி மூன்று மாதம் உலரவிட்டுச் செய்து பூட்டினார். எஞ்சிய துண்டில் செய்த மணை ஒன்று ராமகிருஷ்ணபுரத்துக்கு வந்து சேர்ந்தது. மகள் அதில் உட்கார்ந்துதான் படித்தாள். இயந்திரம் இப்போது தம்பியுடையது. அக்கம்பக்கத்துத் தேக்கும் வேம்பும் அறுக்கிறான். தென்னையை மட்டும் தொடுவதில்லை. அதன் புறவைரம் பட்டையின் கூரை ஒரே நாளில் தின்றுவிடுகிறதாம். இரவில் பலா வைத்திருந்த இடத்தில் ஒரு கன்று நட்டிருக்கிறான் என்று அம்மா சொன்னார், அவன் சொல்லவில்லை.

மாதம் மூவாயிரமாக அவன் அனுப்பிவரும் தொகை நோட்டில் வரவாகிறது. இன்னும் எழுபத்தாறாயிரம் நிற்கிறது. சென்ற வாரம் பேசியபோது இரண்டு பட்டை வேண்டுமென்றான். வரும் சனிக்கிழமை கீர்த்தி நகருக்குப் போக வேண்டும்.