அன்னாசியும் அவங்க சொத்துதான்!

ரியோவில் பாப்கார்ன் வேணுமா? 'பிபோக்கா' என்று கேட்கணும் சார். அது டுப்பி என்ற பழங்குடி மொழிச் சொல். இப்பனேமா பீச்சின் பெயரும் அப்படித்தான்.

போர்ச்சுகீஸ் வகுப்பில் இலக்கணமா? மூச்! டீச்சரம்மா போட்டது வீடியோ. 1987, பிரேசில் அரசியல் நிர்ணய சபை. வெள்ளை சூட்டில் அய்ல்டன் கிரெனாக் என்ற பழங்குடித் தலைவர் பேசப் பேச, முகமெல்லாம் கறுப்பு மையை அப்பிக்கொள்கிறார். எனக்குப் பாதி புரியலை. ஆனால் வகுப்பில் ஒருத்தர்கூட இருமவில்லை.

பழங்குடிப் பிள்ளைகள் பள்ளியில் தாய்மொழி பேசக்கூடாது என்று 1757-ல் உத்தரவு போட்டது போர்ச்சுகல் ஆட்சி. அந்த பாஷையை இப்போ அவங்க குரலிலேயே கேட்டுப் படிக்கிறோம்! 2008 சட்டப்படி பள்ளிகளில் அவங்க சரித்திரமும் கட்டாயம்.

டீச்சர் ஒரு பழத்தின் படத்தைக் காட்டி, "உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு?" என்றார்.

"அன்னாசி."

"அதுவும் இங்கத்திய பழங்குடிச் சொல்தான். போர்ச்சுகீஸ்காரன் கப்பல்ல ஏறி வந்திருக்கு!"