எது எதோடு போகும்

போன வாடைக்காலத்தில் ஒரு சத்தியக் கடதாசி என் மேசைக்கு வந்தது. தீவுகளுக்கிடையே ஓடுகிற ஒரு வள்ளம் இறங்குதுறையில் மோதியதில் விழுந்து, கை முறிந்த ஓர் அம்மாவின் வாக்குமூலம். ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும். இரண்டு பக்கந்தான், ஒரு மணித்தியால வேலை என்று நினைத்துத்தான் தொடங்கினேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் என்னை மறித்தது. “வள்ளத்தில் இருந்த எல்லாரும் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை.”

ஓடிப்போய் வாசித்தால் விளங்கினது போலத்தான் இருக்கும். நின்று வாசித்தால் இரண்டாகப் பிளக்கும். ஒருவருமே அணியவில்லையா? சிலர் அணிந்திருக்க, சிலர் அணியாமல் இருந்தார்களா? சொல் ஒன்றுகூட மாறவில்லை. கடைசியில் நிற்கிற ‘இல்லை’ எதைப் போய்ப் பிடிக்கிறது என்பதில்தான் வேறுபாடு. அது ‘அணிந்திருத்தலை’ மட்டும் பிடித்தால் ஒருவருக்குமே அங்கி இல்லை. எட்டிப்போய் ‘எல்லாரும்’ என்பதையும் சேர்த்துப் பிடித்தால், எல்லாரும் அணிந்தார்கள் என்பதுதான் மறுக்கப்படுகிறது. வாயால் சொல்லும்போது குரல் இதைப் பிரித்துவிடும். ‘எல்லாரும்’ என்பதை அழுத்தி இழுத்தால் ஒரு பொருள், அழுத்தாமல் விட்டால் மற்றது. தாளில் குரல் இல்லை. நானோ ஆங்கிலத்தில் இரண்டில் ஒன்றை எழுதியாக வேண்டும். நட்டஈடு கேட்கிற ஒரு கடதாசியில் அந்த ஒன்று சின்ன விடயமுமில்லை.

நான் நயினாதீவில் பிறந்தவன். முப்பது வருடமாக இந்தத் தொழில்: உறுதி, பிறப்புச் சான்றிதழ், வழக்குத் தாள், மரணசாசனம். இதை எனக்குப் பழக்கியவர் என் பெரியப்பா. தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறுமுக நாவலரின் ‘இலக்கணச் சுருக்க’த்தை எழுத்ததிகாரத்தில் தொடங்காமல் மூன்றாம் பகுதியான தொடர்மொழியதிகாரத்தில் தொடங்கிப் படிப்பித்தார். கேட்டால், “எழுத்தும் சொல்லும் உனக்குத் தெரியும் தம்பி. அதுகள் ஒண்டோடை ஒண்டு எப்பிடிச் சேருது எண்டுதான் தெரியாது” என்பார். பேனையை எடுக்கமுதல் வாக்கியத்தில் எது எதோடு போகிறது என்று பார்க்கச் சொன்னார். முதல் நாள் அவர் தந்த பயிற்சி இது: “புங்குடுதீவில் இருக்கிற அக்காவின் வீட்டுச் சாவி.” புங்குடுதீவில் இருப்பது யார்? அக்காவா, வீடா, சாவியா? மூன்று சாவியும் அந்தப் பூட்டுக்குப் பொருந்தும் என்று நான் கண்டுபிடிக்க அரை நாள் எடுத்தது. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது.

அதன் பிறகுதான் நாகபூசணி அம்மன் கோயிலில் இருக்கிற கல்லைக் காட்ட என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சின்ன வயதிலிருந்து அந்தக் கல்லைத் தாண்டித்தான் போய்வந்திருக்கிறேன், ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. பொலனறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கட்டளை அது. தொடக்கம் சிதைந்துவிட்டது, முடிவில் கிரந்த எழுத்தில் ஒரு சமஸ்கிருதப் பகுதி வருகிறது. பேராசிரியர் கார்த்திகேசு இந்திரபாலா அதை வாசித்து 1963இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் வெளியிட்டார். வெளிநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து கூடவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. மற்றப் பகுதி கெட்டுப்போன கப்பல்களைப் பற்றியது. யானை குதிரை கொண்டுவந்த மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்கு ஏற்றிவந்த கலம் கெட்டால் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு. இந்த வேறுபாட்டுக்குக் காரணத்தையும் அரசன் சொல்கிறான்: யானை குதிரைமேல் தனக்கு விருப்பம் இருக்கிறது.

பெரியப்பா அந்தக் கல்லின் முன்னால் நின்று கேட்ட கேள்விகளை நான் இன்றைக்கும் ஒவ்வொரு கடதாசியிடமும் கேட்கிறேன். விருப்பம் என்கிற காரணம் முன்னால் நிற்கிறது, அதற்குப் பின்னால் இரண்டு விதிகள் வருகின்றன. ‘ஆதலால்’ என்கிற கை எவ்வளவு தூரம் நீளும்? இலக்கணப்படி அது இரண்டு விதியையும் அணைக்கலாம், தடுக்க ஒன்றுமில்லை. பாதியை எடுப்பதற்கு யானைப்பிரியம் எப்படிக் காரணமாகும் என்று யோசித்தவுடன் கை முதல் விதியோடு மடங்கிவிடுகிறது. அமைப்பு திறந்து வைத்திருந்த கதவைப் பொருள் சாத்துகிறது.

அடுத்தது ‘யானை குதிரை’ என்கிற தொடர். இடையில் ‘உம்’ இல்லை, ‘அல்லது’ இல்லை. உம்மைத்தொகை என்று இலக்கணப் பெயர் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு வணிகன் குதிரை மட்டும் ஏற்றிவந்து, கலம் பாரில் மோதி உடைந்தால்? யானையும் குதிரையும் சேர்ந்து வந்தால்தான் முக்கால் பங்கு திரும்பும் என்று எந்த அதிகாரியும் வாசித்திருக்கமாட்டான் என்றே நினைக்கிறேன். ஆனாலும் எழுத்தில் அது இல்லை, வாசிப்பவன் தன் உலக அறிவிலிருந்து எடுத்துப் போடுகிறான். தமிழ் அதை வெறுமையாக விட்டுவிடும். ஆங்கிலத்துக்குப் போகிறவன் ‘உம்’ அல்லது ‘அல்லது’ ஒன்றை வைத்தே ஆகவேண்டும். முக்காலுக்கும் பாதிக்கும் இடையில் இருப்பது கால் பங்குச் சரக்கு. அவ்வளவும் எழுதாத ஓர் இடைச்சொல்லில் தொங்குகிறது. குதிரையோடு மிளகும் ஏற்றிய கலத்துக்கு எந்த விதி என்று நான் கேட்டேன். “அதுக்கு வாக்கியத்திலை பதில் இல்லை, தம்பி. வாக்கியத்திலை இல்லாததை நீ போடாதை” என்றார். மொழிபெயர்ப்பாளனுக்கு அதைவிடப் பெரிய அறிவுரை எனக்குக் கிடைத்ததில்லை.

யானை என்றதும் தொல்காப்பியத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. அங்கே ‘தடுமாறு தொழிற்பெயர்’ என்று ஓர் இடம் உண்டு. உரையாசிரியர்கள் அதற்குத் தருகிற உதாரணம் ‘புலி கொன்ற யானை’. கொன்றது எது, செத்தது எது? புலியை யானை கொன்றதா, புலியால் யானை கொல்லப்பட்டதா? இரண்டாம் வேற்றுமையும் மூன்றாம் வேற்றுமையும் உருபைக் காட்டாமல் ஒளிந்து நிற்கின்றன. தொழில் இரண்டு பெயருக்கும் நடுவே தடுமாறுகிறது. தொல்காப்பியர் அதோடு விடவில்லை. தொடரின் பின்னால் வருவதைப் பார், வேற்றுமை தெரியும் என்கிறார். யானை ஓடுகிறது என்று முடிந்தால் யானை உயிரோடு இருக்கிறது, செத்தது புலி. யானையின் கொம்பு வந்தது என்று முடிந்தால் யானைதான் செத்தது. ஒரு தொடரின் உள்ளுறவை அதற்கு வெளியே நிற்கிற சொல் தீர்த்துவைக்கிறது என்பதை இவ்வளவு துல்லியமாகக் கண்டவர்கள் நம்முடைய இலக்கணக்காரர். இதைப் பள்ளியில் வேற்றுமை மயக்கம் என்று தலைப்புப் போட்டு மனனம் செய்யவைப்பதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. பிள்ளைக்கு அந்த இரண்டு யானையையும் காட்டினால் போதும், மயக்கம் தன்னால் பிடிபடும்.

நன்னூல் பொருள்கோளை எட்டாக வகுக்கிறது. யாற்றுநீர் என்பது முதலாவது. ஆற்றுநீர் போல நேரே போய்க்கொண்டிருக்கிற பொருள். எங்கள் தீவில் ஆறு கிடையாது, எனக்கு அது என்றைக்கும் படத்தில் பார்த்த பொருள்கோள்தான். மனதில் ஒட்டியது அளைமறிபாப்பு. அளை என்றால் புற்று. புற்றுக்குள் நுழைகிற பாம்பு தலையை மடித்துத் திருப்புவது போல, செய்யுளின் கடைசியில் நிற்கிற சொல் திரும்பி இடையிலும் முதலிலும் போய்ச் சேர்ந்து பொருள் தருவது. நாகதீவு என்றும் பெயர்கொண்ட நயினாதீவுக்காரனுக்கு அது விளங்காமல் போகுமா? செய்யுளுக்குச் சொன்ன விதி அது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேலையில் நான் கண்டவரையில் தமிழ் உரைநடையே அந்தப் பாம்பின் இயல்பு கொண்டது. வினைமுற்று கடைசியில் இருக்கிறது. அங்கே போய்த் தொட்ட பிறகுதான் முன்னே வந்த வினையெச்சங்களுக்கு எழுவாய் யார், காலம் எது, நடந்ததா நடக்கவில்லையா என்பது தெரிகிறது. “உறுதியை எழுதி, சாட்சிகளை அழைத்து, கையொப்பம் வைத்து, பணத்தைக் கொடுத்து…” என்று அரைப் பக்கம் ஓடியிருக்கும். கடைசியில் ‘முடிக்கவில்லை’ என்று வந்தால் எல்லா எச்சமும் நடுங்குகின்றன. எழுதப்பட்டதா? சாட்சிகள் வந்தார்களா? பணம் மட்டும் கொடுபடவில்லையா? அந்த ‘இல்லை’யும் அங்கியைப் போலத்தான்: எவ்வளவு தூரம் பின்னால் போகும் என்பதைச் சொல்லாமலே வந்து நிற்கிறது.

இதே கேள்வியை உலகம் வேறு பெயர்களில் கேட்டிருக்கிறது. ஒரு முழுமையின் பொருள், அதன் உறுப்புகளின் பொருளாலும் அவை கூடுகிற விதத்தாலும் அமைகிறது என்கிற கொள்கையை ஜேர்மானியரான பிரேகெயின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். 1957இல் நோம் சொம்ஸ்கி, பொருளே இல்லாத ஆனால் இலக்கணம் வழுவாத ஒரு வாக்கியத்தை முன்வைத்தார். நிறமில்லாத பச்சை எண்ணங்கள் மூர்க்கமாகத் தூங்குவதாக அதில் வரும். அமைப்பைப் பொருளிலிருந்து பிரித்து ஆராயலாம் என்பது அவர் கட்சி. 1970ஐ ஒட்டி ரிச்சர்ட் மொன்ரேகு, ஒவ்வொரு கூட்டுதல் விதிக்கும் இணையாக ஒரு பொருள் விதி நிற்கவேண்டும் என்று கணிதமாகவே எழுதிக் காட்டினார். நான் இவர்களை முழுதாகப் படித்தவன் என்று சொல்லமாட்டேன். படித்தவரையில் என் சாய்வு மொன்ரேகு பக்கம். சொற்களை எந்த ஒழுங்கில் கூட்டினோமோ அந்த ஒழுங்கிலேதான் பொருளும் கூடுகிறது என்பதை நான் மேசையில் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். ‘எல்லாரும்’ என்பதைக் கூட்டிய பிறகு ‘இல்லை’யைக் கூட்டினால் ஒரு பொருள், ‘இல்லை’யை முதலில் கூட்டிவிட்டு ‘எல்லாரும்’ என்பதைக் கூட்டினால் இன்னொன்று. மேலே தெரிகிற சொல்வரிசை இரண்டுக்கும் ஒன்றே.

எங்கள் பேச்சு இன்னொரு நுணுக்கம் வைத்திருக்கிறது. “அவர் நேற்று வந்தவர்” என்று யாழ்ப்பாணத்தில் சொன்னால் அது முடிந்த வாக்கியம்: அவர் நேற்று வந்தார். எழுத்துத் தமிழில் ‘வந்தவர்’ வினையாலணையும் பெயர். மேலே ஏதோ வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு இருக்கவைக்கும். ‘வந்திட்டார்’ என்றால் இப்போது இங்கே இருக்கிறார். ‘வந்தவர்’ என்றால் வந்த செயல் நடந்தது, இப்போது இருக்கவேண்டும் என்றில்லை. ஒருமுறை ஒரு வாக்குமூலத்தின் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கத் தந்தார்கள். “மாமா வந்தவர், காசு தந்தவர்” என்று சாட்சி சொன்னதை, “வந்த மாமாவே காசு தந்த நபர்” என்று அடையாளம் காட்டுகிற வாக்கியமாக ஆக்கியிருந்தார்கள். சாட்சி சொன்னது இரண்டு சம்பவம். மொழிபெயர்ப்பு சொன்னது ஓர் ஆளின் அடையாளம். சொல்லுக்குச் சொல் சரிதான். அமைப்பைத்தான் வேறு ஊரின் கண்ணால் வாசித்துவிட்டார்கள். அதைத் திருத்தி அனுப்பிய அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நானும் எத்தனை தாளில், எந்த ஊர்ப் பேச்சை இப்படி வாசித்திருப்பேன் என்ற பயம்.

அங்கிக்கு வருகிறேன். கடதாசியை எழுதியவர் அந்த அம்மா இல்லை. அவர் சொல்ல, வேறொருவர் எழுத்துத் தமிழில் பதிந்திருந்தார். ஊகித்து எழுத எனக்கு உரிமை இல்லை. அனுப்பியவரின் சம்மதத்தோடு குறிகாட்டுவானில் வள்ளம் எடுத்து அவரைப் பார்க்கப் போனேன். கை கட்டோடு முற்றத்தில் இருந்தார். மகள் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். அம்மா எதற்கு வந்தீர்கள் தம்பி என்று கேட்டார். இந்த ஒரு வரிக்காகத்தான் அம்மா என்று சொல்லி வாசித்துக் காட்டினேன்.

“ஓம், நான் அப்பிடித்தான் சொன்னனான். எல்லாரும் போடேல்லை.”

“ஒருத்தருமே போடேல்லையோ அம்மா?”

அவர் என்னைப் பார்த்தார், பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது போல.

“அதென்ன கேள்வி. நான் போட்டனான். பக்கத்திலை இருந்த பெடியனும் போட்டவன். எல்லாரும் போடேல்லை எண்டுதான் சொன்னனான்.” இந்தமுறை ‘எல்லாரும்’ நீண்டது.

திரும்பி வரும்போது வள்ளத்திலேயே தாளை எடுத்தேன். பென்சிலால் எழுதிவைத்திருந்த ‘ஒருவரும்’ என்கிற வாசிப்பை அழித்தேன். சோளகம் இல்லாததால் கடல் அசையாமல் கிடந்தது. எழுதுவது சுகமாக இருந்தது.