சம்பந்தி ஜாகை

வெளியூர்ப் பிரயாணம் என்றால் டிக்கெட் கிடைத்தவுடன் நம்மைப் பிடித்துக்கொள்கிற அடுத்த கவலை, இறங்குகிற ஊரில் எங்கே தங்குவது என்பது. காசி, ராமேசுவரம் மாதிரி க்ஷேத்திரங்களில் இந்தக் கவலை கிடையாது. நூறு சத்திரங்கள் நமக்காகக் காத்திருக்கும். உறவினர் இருக்கும் ஊரிலும் கிடையாது. அங்கே கவலை அவர்களுடையது. இரண்டும் இல்லாத ஊர்தான் கஷ்டம்.

அமெரிக்காவில் கிளீவ்லாந்து என்று ஒரு நடுத்தர நகரம். 1978 முதல் அங்கே நம்மவர்கள் தியாகராஜ ஆராதனை நடத்தி வருகிறார்கள். ஒரு வருஷம் அதற்குப் போய்வந்த என் மைத்துனர் சொன்னார்: "ஊர் நடுவில் ஹோட்டலில் தங்கினால் கச்சேரிக்கு நடந்தே போகலாம், ஆனால் இட்லி கிடைக்காது. புறநகரில் தமிழர் வீட்டில் தங்கினால் இட்லி கிடைக்கும். ஆனால் அவர் கார் எடுக்கும்போதுதான் நாம் கச்சேரி கேட்கலாம்." உலகத்து ஊர்கள் அனைத்திலும் ஜாகைப் பிரச்னை இவ்வளவுதான் என்று நான் நினைத்திருந்தேன். வடசென்னையில் ஒரு கல்யாணத்துக்கு ஜாகை பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுகிற வரையில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சென்னைக்கு வருகிறவர்கள் எழும்பூரில் தங்குவார்கள், திருவல்லிக்கேணியில் தங்குவார்கள், பணம் இருந்தால் தியாகராய நகரில் தங்குவார்கள். ராயபுரத்திலோ எண்ணூரிலோ அறை வேண்டும் என்று யாராவது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? வேடிக்கை என்னவென்றால், வெளியூரிலிருந்து ரயிலில் சென்னை வந்த முதல் விருந்தாளிகள் இறங்கியதே ராயபுரத்தில்தான். தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அந்தத் தூண்கள் வைத்த கட்டிடம் இன்றும் நிற்கிறது. விருந்தாளிகள்தாம் வேறு பக்கம் போய்விட்டார்கள்.

எண்ணூர் கத்திவாக்கத்தில் இருக்கும் என் நண்பர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரே பெண். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாப்பிள்ளைக்குக் காமராஜர் துறைமுகத்தில் உத்தியோகம். சொந்த ஊர் கோயம்புத்தூர். முகூர்த்தம் வைகாசியில், காலை 6 மணிக்கு, திருவொற்றியூர்ச் சந்நிதித் தெருவுக்கு அருகில் ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளை வீட்டார் பதினான்கு பேர், இரண்டு இரவு. எல்லாம் பேசி முடிந்த பிறகு மாப்பிள்ளையின் தாயார் ஒரு செய்தி அனுப்பினார். தமக்கு இழுப்பு உண்டு, ஆகையால் ஜாகை மட்டும் காற்று நன்றாக இருக்கிற இடமாகப் பார்க்க வேண்டும், எழும்பூர்ப் பக்கம் என்றால் ரொம்பச் சௌகரியம்.

சாதாரண வேண்டுகோள்தான். ஆனால் நண்பர் முகம் சிறுத்துவிட்டது.

"கல்யாணத்துக்கு அப்புறம் அவங்க பிள்ளை இங்கேதான் சார் குடித்தனம் பண்ணப் போறாரு. என் பொண்ணு இந்தக் காத்துலதான் வளர்ந்தா. ரெண்டு ராத்திரிக்கே எழும்பூர் வேணுமாம்!" என்றார்.

அவர் மனைவி, "இருக்கட்டுமே அண்ணா, முடியாதவங்க கேக்கறாங்க. இதுல என்ன தப்பு?" என்றார்.

இரண்டு பேர் சொல்வதும் நியாயமாக இருந்தால் மூன்றாவது மனிதனுக்கு என்ன வேலை? ஜாகை பார்க்கிற வேலைதான். மறுநாள் காலையில் நானும் நண்பரும் புறப்பட்டோம்.

எழும்பூரை ஒதுக்க எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரையில் நீண்டுவிட்ட பிறகு, சென்ட்ரலில் ஏறினால் ஒரே வண்டியில் திருவொற்றியூர் தேரடியில் இறங்கலாம். பகலில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் முதல் வண்டி காலை 5 மணிக்குத்தான். 6 மணி முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் நாலரைக்காவது மண்டபத்தில் இருக்க வேண்டாமா? வேன் வைக்க வேண்டும். அந்த நேரத்தில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை பிடித்து நிற்கும். மாப்பிள்ளை லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் முகூர்த்தம் போச்சு. ஆகவே எழும்பூர் வேண்டாம். பெண்ணின் தகப்பனார் மனம் நோகும் என்பதை விட இந்தக் காரணத்தைச் சம்பந்தியிடம் சொல்வது எளிது.

முதலில் திருவொற்றியூருக்குப் போனோம். வழியில் காலடிப்பேட்டை. இது யாருடைய காலடி என்று கேட்பவர்களுக்கு: 1717 முதல் 1720 வரையில் சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை இது. காலட் பேட்டை நம் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. வெள்ளைக்காரர் பெயரைத் தமிழாக்குவதில் நம் நாக்குக்கு இணை கிடையாது.

திருவொற்றியூரைப் போலத் தங்குகிற விஷயத்தில் கெட்டிக்கார ஊர் தமிழ் நாட்டில் வேறு இருக்குமா என்பது சந்தேகம். பட்டினத்தார் கையில் பேய்க்கரும்பை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அது எங்கே தித்திக்கிறதோ அங்கேதான் தமக்கு முடிவு என்று. இந்தக் கடற்கரையில்தான் அது தித்தித்தது. அவர் சமாதி இங்கே இருக்கிறது. ஏழு கிணற்றுப் பக்கம் இருந்த வள்ளலார் நாள் தவறாமல் இங்கே நடந்து வருவார். ஓர் இரவு நேரம் கழித்து வீடு திரும்ப, கதவு சாத்தியிருந்தது. திண்ணையிலேயே பசியோடு படுத்துவிட்டார். வடிவுடையம்மன் அண்ணியின் உருவத்தில் வந்து சோறு போட்டாள் என்பார்கள். தியாகையர் சென்னைக்கு வந்தபோது தங்கியது பந்தர் தெருவில், கோவூர் சுந்தரேச முதலியார் வீட்டில். ஆனால் ஐந்து கிருதிகள் பாடியது திருவொற்றியூர்த் திரிபுரசுந்தரி மேல். தங்கியது ஓரிடம், மனம் தங்கியது ஓரிடம்.

எல்லாரையும் விடச் சுந்தரர் கதைதான் கல்யாண வீட்டுக்குப் பொருத்தம். சங்கிலியாரைக் கண்டு மணம் பேசினார். அந்தப் பெண் போட்ட நிபந்தனை ஜாகை சம்பந்தமானது: இந்த ஊரை விட்டுப் போகமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். ஏற்கெனவே திருவாரூரில் ஒரு குடும்பம் உள்ளவர் அப்படிச் சத்தியம் செய்ய முடியுமா? சுவாமியிடம் ரகசியமாக, "நான் சந்நிதியில் சத்தியம் செய்யும் நேரத்துக்கு நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும்" என்று ஏற்பாடு செய்தார். சுவாமியோ சங்கிலியாரிடமும் போய், "மகிழ மரத்தடியில் சத்தியம் கேள்" என்று சொல்லிவிட்டார். வசந்த காலம் வந்ததும் சுந்தரர் திருவாரூருக்குப் புறப்பட்டார். ஊர் எல்லை தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. மகிழடி சேவை என்று கோயிலில் இன்றும் இதைக் கொண்டாடுகிறார்கள்.

நண்பர் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "நம்ம மாப்பிள்ளைகிட்டயும் ஒரு சத்தியம் வாங்கணும் சார்" என்றார். பாதி சிரிப்பு, பாதி நிஜம்.

மண்டபத்து மாடியில் ஐந்து அறைகள் காலியாக இருந்தன, சுத்தமாகவும் இருந்தன. அவற்றையே எடுத்துவிடலாம் என்று நான் சொன்னதற்கு நண்பர் தலையை ஆட்டினார்.

"நல்ல ரூம்தான். ஆனா ராத்திரி அந்த அம்மாவுக்கு ஆவாது" என்றார்.

மனிதர் முப்பது வருஷம் கிரேன் உச்சியில் உட்கார்ந்தவர். எந்த நேரத்துக்கு எந்தக் காற்று என்பது அவருக்குப் பஞ்சாங்கம் மாதிரி. வைகாசியில் பகல் 1 மணி வாக்கில் கடல்காற்று எழும்பும். எண்ணூர், திருவொற்றியூர்ப் புகையையெல்லாம் மேற்கே தள்ளிக்கொண்டு போகும். சாயந்திரம் கத்திவாக்கத்தில் நின்றால் உப்புக் காற்றைத் தவிர வேறு வாசனை இராது. இரவு பத்து, பத்தரைக்கு மேல் கரை குளிர்ந்து, காற்று திரும்பி மேற்கேயிருந்து அடிக்கும். மேற்கே இருப்பது மணலி. அங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் ரசாயனத் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் ராத்திரியில் வருகிற வாடை அந்தக் காற்றோடு வருவது. விடிந்து வெயில் ஏறுகிற வரையில் அது இருக்கும்.

பெண்ணின் வீட்டைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிற மனிதர் இதையும் சொன்னாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கத்திவாக்கத்துக்கும் போனோம். அவர் வீட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ள அண்டை வீட்டார் ஆளுக்கு இரண்டு அறை ஒழித்துத் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். முற்காலத்தில் கிராமங்களில் சம்பந்திக்கு ஜாகை என்றால் அண்டை வீடுதான்; அந்த வழக்கம் எண்ணூரில் உயிரோடிருக்கிறது. மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கடல், கரையோரம் கொட்டிய பாறைகள். 1875-ல் சென்னைத் துறைமுகத்துக்கு அஸ்திவாரம் போட்டார்கள். தெற்கேயிருந்து வந்துகொண்டிருந்த மணலைத் துறைமுகச் சுவர் தடுத்துவிட்டது. அதனால் மெரினாவில் மணல் வளர்ந்தது. ராயபுரத்திலிருந்து வடக்கே கடல் கரையைத் தின்றது. தென் சென்னைக்காரர்கள் சுண்டல் சாப்பிடுகிற மணலுக்கு வட சென்னை விலை கொடுத்திருக்கிறது. மற்றொரு பக்கம் கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் கழிமுகம். 1970 முதல் புகைவிட்ட பழைய எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017-ல் மூடினார்கள். ஆனால் கழிமுகத்துக்கு அப்பால் வல்லூரிலும் அத்திப்பட்டிலும் புதிய புகைபோக்கிகள் நிற்கின்றன.

கம்பெனி காலத்து வெள்ளைக்காரர்கள் காற்று வாங்குவதற்கென்றே எண்ணூருக்கு வந்து, தோட்ட வீடு கட்டி, படகு விட்டுக்கொண்டிருந்தார்கள் என்றால் இப்போது யார் நம்புவார்கள்? 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய காக்ரேன் கால்வாய்தான் பின்னால் பக்கிங்ஹாம் கால்வாயின் முதல் துண்டாயிற்று.

அண்டை வீட்டு அம்மாள் காபி கொடுத்தபடியே 2023 டிசம்பரைப் பற்றிச் சொன்னார். புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகமெல்லாம் கறுத்தது முதல் வாரத்தில். 26-ஆம் தேதி நள்ளிரவில், ஓர் உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஜனங்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். "அன்னிக்கு ராத்திரி எங்களுக்கு யாரு ஜாகை பார்த்தாங்க? ரோட்டிலதான் நின்னோம்" என்றார் அந்த அம்மாள். காபி நன்றாக இருந்தது. என்னால் முழுவதும் குடிக்க முடியவில்லை.

பெண் டியூட்டி முடிந்து வந்தாள். நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவள், "மாமா, இழுப்பு உள்ளவங்களை ராத்திரி இங்கே படுக்க வைக்கக் கூடாது. அப்பா வருத்தப்படுவார்னு நீங்க சரின்னு சொல்லிடாதீங்க. ஆனா அத்தை ஒரு தடவை இங்கே வந்து பார்த்துடணும். பார்க்காம சம்மதிச்சாங்கன்னா, அது சம்மதமே இல்லை" என்றாள். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற பெண்களுக்கு வழவழ கொழகொழப் பேச்சு வருவதில்லை.

கடைசியில் ராயபுரம். ராயப்பர் என்று தமிழில் அழைக்கப்படும் பேதுருவின் கோயிலால் பெயர் பெற்ற ஊர். 1910-ல் கட்டிய பார்ஸிகளின் அக்கினிக் கோயிலும் இங்கே உண்டு. பலதரப்பட்டவர்கள் வந்து தங்கிய இடம் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். 1782 பஞ்சத்தில் மணியக்காரர் சத்திரத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினார்கள். பிறகு அது வைத்திய சாலையாகி, ஸ்டான்லி ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. பழைய மனிதர்கள் இன்னும் அதைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள்.

கல்மண்டபம் பக்கத்தில் ஒரு சிறிய கல்யாண மண்டபத்தின் மாடியில் ஏழு அறைகள் கிடைத்தன. திருவொற்றியூர்க் கோயிலுக்கு ஆறேழு கிலோமீட்டர்தான். மணலி தூரத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஒரே ஒரு குறை: காசிமேட்டு மீன் வாடை. கோயம்புத்தூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று நண்பர் தயங்கினார். சுளிக்கட்டுமே! மீன் வாடையால் இழுப்பு வராது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தோம்.

சம்பந்திகள் காலை ரயிலில் வந்து இறங்கினார்கள். மீன் வாடையைப் பற்றி மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் மட்டும் கேட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரும் கேட்கவில்லை. 4 மணிக்கு வேன் வைத்து எல்லாரையும் கத்திவாக்கத்துக்கு அழைத்துப் போனோம். கடல்காற்று நன்றாக எழும்பியிருந்தது. மாப்பிள்ளையின் தாயார் மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, புகைபோக்கிகளை ஒவ்வொன்றாகக் காட்டி எது எது என்று மகனிடம் கேட்டார். அண்டை வீட்டு அம்மாள் இவரிடமும் 2023 டிசம்பர் கதையைச் சொன்னார். நண்பர் கண்ணைக் காட்டித் தடுக்கப் பார்த்தார், பலிக்கவில்லை. அந்த அம்மாள் கடைசி வரை கேட்டார். கேட்டுவிட்டுக் கையிலிருந்த மருந்துக் குழலைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு பெண்ணைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு, அவள் எத்தனை மணிக்கு வேலைக்குப் போவாள், எந்த பஸ், ராத்திரி ஜன்னலைச் சாத்திக்கொள்வாளா என்று விசாரித்தார். அதையெல்லாம் நான் ஒட்டுக் கேட்கவில்லை, மாடி சிறியது.

7 மணிக்கு வேன்காரர் கீழேயிருந்து ஹாரன் அடித்தார்.

"ஏனுங்க சம்பந்தி, இந்தக் காத்து எத்தனை மணிக்குங்க மாறும்?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"பத்து, பத்தரை ஆவும்மா" என்றார் நண்பர்.

"அப்ப வண்டியை ஒம்பதரைக்கு வரச் சொல்லுங்க. ராத்திரிச் சாப்பாடு இங்கேயே ஆகட்டும்."