நொய்யல் கரைச் சொந்தங்கள்

கொங்கு நாட்டில் பழைய குடும்பங்களின் சொந்தபந்தம் ஆற்றோரமாகத்தான் விரிந்திருக்கும். வாய்க்கால் பாயும் ஊராகப் பார்த்துப் பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள். எங்கள் அமுச்சியின், அதாவது அம்மாவைப் பெற்றவரின், அண்ணன் வீடு பேரூர்ப் பக்கம். தங்கச்சி வாக்கப்பட்டது சூலூர். மகன், எங்கள் மாமா, திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். மகளைக் கொடுத்தது சென்னிமலை. அம்மாவின் அப்பாவான அப்புச்சியின் அக்கா இருப்பது கொடுமுடி. வெள்ளியங்கிரியில் இறங்கிக் காவிரியில் கலக்கும் நொய்யல் சுமார் 180 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த ஓட்டம் முழுக்க எங்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு.

இருந்தும் அமுச்சி வெளியே கிளம்புவது கல்யாணத்துக்கும் எழவுக்கும் மட்டும்தான். பயணம் என்றால் முந்தின ராத்திரியே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். “குடிச்சா எங்க கண்ணு போயி ஒதுங்கறது?” என்பார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற, மூட்டு மடங்காத ஒரு மனுஷி வழியோர ஓட்டல் கழிப்பறையை நம்பி எப்படிக் கிளம்புவார்? வயதானவர்களுக்கு ஊர் சுற்றும் ஆசை போய்விட்டது என்று பிள்ளைகள் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆசை அப்படியே இருக்கிறது. வழியில்தான் வசதி இல்லை.

ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள வண்டியை எடுத்துக்கொண்டு பேரப்பிள்ளைகளைப் பார்க்க மாதக்கணக்கில் புறப்பட்டுவிடுகிறார்கள். நமக்குக் கேரவன் என்றால் படப்பிடிப்பும் தேர்தல் பிரசாரமும்தான் ஞாபகம் வரும். கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவை அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் சொந்தக்காரர் வீடு பார்க்கக் கிளம்பும் பாட்டிக்கு யார் வண்டி விடுவது?

தெரிந்தவர் ஒருவரின் டெம்போ டிராவலரைக் கேட்டு வாங்கி, பின்வரிசை இருக்கைகளைக் கழற்றி மெத்தை போட்டோம். மருந்துக் கடையில் விற்கும் கமோடு நாற்காலி ஒன்றை மூலையில் நிறுத்தி, ஆடாமலிருக்க அதன் கால்களை இருக்கை போல்ட்டோடு கயிறு போட்டுக் கட்டினோம். ஆர்டரில் தள்ளுபடியான சாம்பல் நிறப் பனியன் துணியை மாமாவே ஓவர்லாக் மெஷினில் விளிம்படித்துத் திரையாக்கிக் கொடுத்தார். மேலே கம்பி, கம்பியில் வளையம், ஓரத்தில் மூடி போட்ட பக்கெட், ஒரு கேன் தண்ணீர். அமுச்சி திரையை இழுத்துப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பார்த்தார், பிறகுதான் கிளம்பலாம் என்றார்.

கார்த்திகையில் மழை ஓய்ந்ததும் வெள்ளியங்கிரியின் பூண்டி அடிவாரத்திலிருந்து தொடங்கினோம். இளவட்டத்தில் மூங்கில் தடியோடு ஏழு மலையும் ஏறியவர் அப்புச்சி. இப்போது கீழே நின்றே ஒரு கும்பிடு போட்டுக்கொண்டார். மலையிலிருந்து வரும் சின்னாறும் பெரியாறும் கூடுதுறையில் சேர்ந்த பிறகுதான் நொய்யல் ஆறாகிறது. சித்திரைச்சாவடி அணைக்கட்டில் தண்ணீர் வாய்க்காலுக்குப் பிரியும் இடத்தில் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. இந்தத் தண்ணீர் குளத்திலிருந்து குளத்துக்குப் போகும்படி முன்னோர் கட்டிய சங்கிலியில்தான் கோவையின் நரசாம்பதி முதல் உக்கடம் பெரியகுளம் வரையிலான குளங்கள் இருக்கின்றன. அணைக்கட்டுகளின் பெயரை மேலிருந்து கீழாக அப்புச்சி ஒப்பித்தார். அவர் சொல்லாவிட்டால் எனக்கு அந்தப் பெயர்கள் தெரிந்திருக்காது.

பேரூரில் பட்டீசுவரர் தரிசனம். கனகசபையின் தூண் சிற்பங்களை நின்று பார்க்க அமுச்சிக்குக் கால் ஒத்துழைக்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கல் சங்கிலியை அண்ணாந்து பார்த்தார். பிறவாப்புளியையும் இறவாப்பனையையும் கூட வந்த பேத்திக்குக் காட்டிக் கதை சொன்னார். சூலூரில் தங்கச்சி வீட்டில் அக்காளும் தங்கச்சியும் ராத்திரி வெகுநேரம் தூங்கவில்லை.

திருப்பூருக்குச் சனிக்கிழமை சாயங்காலம் வந்து சேர்ந்தோம். வாரச் சம்பளம் போடும் நாள், மாமாவுக்குத் தலை நிமிர நேரமில்லை. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊரில் பெற்றவர்கள் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமைதான் முகம் பார்த்துப் பேச முடியும். பக்கத்துக் காம்பவுண்டு வீட்டில் உசிலம்பட்டியிலிருந்து வந்த ஒரு பாட்டி இருந்தார். மகளும் மருமகனும் செக்கிங்குக்கும் கட்டிங்குக்கும் போய்விட, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவர். வந்ததிலிருந்து அந்தப் பத்துக்குப் பத்து அறையையும் தண்ணீர்க் குழாயையும் தவிர வேறெதையும் பார்க்கவில்லை என்றார். இந்தத் தொழில் நகரத்தைத் தாங்குவதில் இப்படிப்பட்ட பாட்டிகளுக்கும் பங்கு உண்டு. ஏற்றுமதிக் கணக்கில் அவர்கள் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரையும் குழந்தையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு குமரன் நினைவகத்துக்குப் போனோம். 1932 ஜனவரி 10-ஆம் தேதி விடுதலைப் போராட்டத்தில் கொடி பிடித்துப் போன ஊர்வலத்தில் அடிபட்டு, மறுநாள் உயிர்விட்டவர் குமரன். பிறந்த ஊர் சென்னிமலை, நாங்கள் அடுத்துப் போகவிருந்த ஊர்.

வளர்மதி பாலத்தில் வண்டியை மெதுவாக விடச் சொன்னார் அப்புச்சி. சிறுவயதில் இந்த ஆற்றில் நீந்தியவர். பிறகு சாயப்பட்டறைத் தண்ணீர் நாளுக்கொரு நிறமாக ஓடியதையும் பார்த்தவர். மகனின் பிழைப்பே பனியனில்தான் என்பதால் அவர் இதை வீட்டில் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினார்.

ஆற்றின் வடகரையில் கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர். அகழாய்வில் மணிகள் செய்த பட்டறையும் இரும்பு உருக்கிய உலையும் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இந்தக் கரையில் நூல் ஓடியிருக்கிறது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டியது. சாயக்கழிவு வந்து தேங்கியது. சுற்று வட்டாரக் கிணறுகள் உப்பாயின. அணையைத் திறக்க வேண்டாம் என்று பாசனதாரர்களே மன்றாடிய கொடுமை இங்கேதான் நடந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் ஓட்டலாம் என்றானது. மாமாவின் கம்பெனிக்கு அந்த வருஷம் பெரிய அடி. ஆனாலும் அந்த உத்தரவு வந்தது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். அணைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த அப்புச்சி, தென்னை காய்ந்து வெட்டிய தோட்டங்களை ஆள் பெயரோடு சொல்லிக்கொண்டே வந்தார்.

சென்னிமலை முருகனுக்கு 1,320 படி. வண்டிப் பாதையும் உண்டு என்பதால் அமுச்சி வெகு காலத்துக்குப் பிறகு சந்நிதியில் நின்றார். கீழே மகள் வீட்டில் கைத்தறிப் போர்வை இரண்டு வாங்கிக்கொண்டு கொடுமுடி போனோம். அப்புச்சியின் அக்கா படுத்த படுக்கை. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, “சாப்டியாடா?” என்று மட்டும் கேட்டார். மகுடேசுவரர் கோயில் படித்துறையில் இது கே.பி. சுந்தராம்பாள் பிறந்த ஊர் என்று அமுச்சி பேத்திக்குச் சொன்னார்.

கரூர்ச் சாலையில் இன்னும் கொஞ்சம் தெற்கே, நொய்யல் என்றே பெயர் கொண்ட ஊருக்குப் பக்கத்தில் ஆறு காவிரியில் சேர்கிறது. அங்கிருந்து கரூர் கிட்டத்தில்தான். பேருந்துக்குக் கூண்டு கட்டுவதில் பேர்போன ஊர். படுக்கை வைத்த சொகுசுப் பேருந்து கட்டத் தெரிந்த அந்தக் கைகளுக்கு ஒரு கைப்பிடியும், உயரம் குறைந்த படியும், உட்காரும் கழிப்பறையும் வைத்த வேன் கட்டுவது பெரிய வேலையில்லை. நாள் வாடகைக்கு அப்படி நாலு வண்டி ஓடினால் போதும், திருப்பூர்க் காம்பவுண்டுகளில் அடைந்து கிடக்கும் பாட்டிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பிறக்கும்.

அமுச்சியின் அம்மா வழிச் சொந்தமெல்லாம் உடுமலை, தாராபுரம் என்று அமராவதிப் பக்கம் இருக்கிறது. பங்குனிக்கு அந்தப் பக்கம் போக அதே வண்டியைச் சொல்லி வைத்திருக்கிறோம். நாற்காலிக்குக் கைப்பிடி மட்டும் இன்னும் கொஞ்சம் உயரமாக வேண்டுமாம்.