பாம்புக்கு ஒரு பெட்டி செய்தோம்

கோழிப் பண்ணைகளுக்கு நடுவில் வாழ்கிறவர்கள் நாங்கள். தீவன மூட்டை இருக்கிற இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும். நாமக்கல் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விறகை எடுக்குமுன் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எடுப்பதும், ராத்திரியில் விளக்கில்லாமல் கொல்லைப்பக்கம் போகாமலிருப்பதும் எங்களுக்குச் சின்ன வயசிலிருந்தே வந்த பழக்கம். அப்படிப்பட்ட நான், ஆறடிப் பாம்பு ஒன்றைக் குடிவைக்கப் பெட்டி செய்ய உதவினேன் என்றால் எங்கள் தெருவில் இன்னும் யாரும் நம்பவில்லை!

என் தங்கை ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் இருக்கிறாள். தலைப்பிரசவம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அவ்வளவு தூரம் போக முடியாது. அதனால் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஜூன் மாதம் நான் போனேன். இங்கே வெயில் தணிகிற சமயம். அங்கே நடுங்கும் குளிர்காலம். சுக்கும் கருப்பட்டியும் பிரசவ லேகியச் சாமானும் கட்டிக்கொண்டு போன எனக்கு, வீட்டுக்குள் நுழைந்த மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. குழந்தைக்கென்று ஒதுக்கியிருந்த அறையின் மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் சுருண்டு கிடந்தது ஒரு மலைப்பாம்பு.

"இதுக்குப் பேரு மணிங்க அக்கா" என்றார் தங்கை வீட்டுக்காரர். ஊரில் நாய்க்கு வைக்கிற பெயர்! கல்யாணத்துக்கு முன்பே முழ நீளக் குட்டியாக வாங்கினாராம். உடம்பெல்லாம் கம்பளத்தில் நெய்தது மாதிரி வரிவரியாக இருப்பதால் இந்த இனத்தைக் கார்ப்பெட் பைத்தான் என்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலேயே பிறந்து வாழ்கிற இனம். விஷம் கிடையாது. இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்லும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது வருஷம்கூட இருக்குமாம். அதாவது பிறக்கப்போகிற பிள்ளை காலேஜுக்குப் போகும்வரை!

தங்கை என்னைச் சமையலறைக்குக் கூட்டிப் போய் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, எனக்கு ராத்திரியிலே தூக்கமே வர்றதில்லை. தொட்டிக்கு மேலே கம்பி வலை மூடி, அது மேலே ரெண்டு செங்கல். ஒருநாள் செங்கல்லைத் தள்ளிட்டு வெளியே வந்திருச்சு. துணி துவைக்கிற மிஷினுக்குப் பின்னாடி கிடந்துது. நாளைக்குத் தொட்டில்ல குழந்தை கிடக்கறப்போ அப்படி வந்தா?"

அவள் பயம் வீண் பயமில்லை. 2013 ஆகஸ்டில் கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் கேம்ப்பெல்டன் என்ற ஊரில், ஒரு அடுக்கு வீட்டில் அடைத்து வைத்திருந்த ஆப்பிரிக்க மலைப்பாம்பு காற்றுக் குழாய் வழியாகத் தப்பித்து, தூங்கிக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்களைக் கொன்றுவிட்டது. ஒருவனுக்கு ஆறு வயசு, இன்னொருவனுக்கு நாலு. அது மணியைவிட மிகப் பெரிய இனம்தான். ஆனால் பச்சைக் குழந்தை விஷயத்தில் சின்னது பெரியது என்று கணக்குப் பார்க்க முடியுமா?

மாப்பிள்ளையிடம் பக்குவமாகத்தான் பேச்செடுத்தேன். "ஏனுங்க மாப்பிள்ளை, இதைக் கொண்டுபோய்க் காட்டுல விட்டுட்டா என்னங்க?"

"அது தப்புங்க அக்கா. பெட்டிக்குள்ளேயே வளர்ந்தது, வெளியே பிழைக்காது. சட்டமும் விடாதுங்க. லைசென்ஸ் இருக்கிறவங்களுக்குத்தான் கொடுக்கணும்" என்றார்.

அந்த நாட்டுச் சட்டம் எனக்கு விசித்திரமாக இருந்தது. உள்நாட்டுப் பாம்பை அரசாங்க அனுமதியோடு வளர்க்கலாம். வெளிநாட்டுப் பாம்பை வீட்டில் வளர்க்கவே கூடாது. நம் நாட்டிலோ நேர் எதிர். அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு முடிவு சொன்னேன். பாம்பு குழந்தை அறையில் இருக்கக்கூடாது. மாப்பிள்ளை கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பின் அறைக்குப் போக வேண்டும். செங்கல் வைத்த மூடி உதவாது. பூட்டுப் போட்ட பெட்டி வேண்டும். பாம்பு வேலை முழுவதும் அவர் வேலை. தங்கை கிட்டே போகக்கூடாது. இத்தனைக்குப் பிறகும் அவளுக்குத் தூக்கம் வரவில்லையென்றால் லைசென்ஸ் உள்ள வேறு ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். கடைசி நிபந்தனையைக் கேட்டு மாப்பிள்ளை முகம் வாடிவிட்டது. ஆனாலும் "சரிங்க அக்கா" என்றார்.

பெட்டி செய்கிற யோசனை எனக்கு எப்படி வந்தது என்கிறீர்களா? என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் மரவேலை செய்கிறவர். இருபது வருஷமாக அவர் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கும் பாதி ஆசாரி வேலை தெரியும். செல்போனில் படத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு, "ஏம்புள்ள, நெல்லு ஏத்தற வண்டிக்கு எப்படி இடுக்கு விடாமக் கட்டறோமோ அப்படித்தான் இதுவும். ஆணி அடிக்க வேண்டாம், ஸ்க்ரூ போடச் சொல்லு. ஆணி ஆட ஆடக் கழண்டுக்கும்" என்றார்.

அளவை மாப்பிள்ளை சொன்னார். நீளம் 5 அடி, அகலம் 2 அடி, உயரம் 3 அடி. இந்த இனம் மரம் ஏறுவதால் உயரமும் வேண்டுமாம். தண்ணீர் பட்டால் ஊறாத, மேலே வழவழப்பாக வெள்ளைப் பூச்சுப் போட்ட பலகையைக் கடையிலேயே அளவுக்கு அறுத்து வாங்கினோம். மூலைமட்டம் வைத்துப் பார்த்து, ஸ்க்ரூ முடுக்கி, உள்மூலை எல்லாவற்றுக்கும் சிலிக்கான் பசை இழுத்தோம். பாம்பின் கழிவு பலகைச் சந்தில் இறங்கினால் நாற்றமும் கிருமியும் போகவே போகாது. பசையின் வாசனை முழுவதும் போகும்வரை நாலைந்து நாள் திறந்து போட்டோம். அந்த வாசனை பாம்புக்கும் ஆகாது, கர்ப்பிணிக்கும் ஆகாது.

முன்பக்கம் தடித்த கண்ணாடி இரண்டு, பேன்ஸி ஸ்டோர் அலமாரியில் இருக்குமே, அதுபோல ஒன்றின்மேல் ஒன்று நகர்கிற மாதிரி. பூட்டும் அதே அலமாரிப் பூட்டுத்தான். மேலே மூடி வைத்தால் பாம்பு கீழிருந்து முதுகால் முட்டித் தூக்கிவிடும். அதன் பலமெல்லாம் அங்கேதான். பக்கவாட்டில் நகர்கிற கதவை அதனால் தள்ளுவது கடினம். ஆனால் மூக்கை வைத்து நெம்பி நெம்பிப் பார்க்கும். பூட்டில்லாவிட்டால் ஒருநாள் இல்லை ஒருநாள் திறந்துகொள்ளும்.

காற்றுக்கு ஒரு பக்கம் கீழேயும் மறுபக்கம் மேலேயும் துளைகள் போட்டு, உட்புறம் கம்பி வலையை அழுத்தமாகப் பொருத்தினோம். பாம்புக்குத் தன் உடம்பில் சூடு உண்டாக்கிக்கொள்ளும் சக்தி இல்லை. அதனால் ஒரு கோடியில் சூடும் மறுகோடியில் குளிர்ச்சியும் இருக்க வேண்டும். வேண்டியபோது இங்கே வரும், போதுமென்றால் அங்கே போகும். சூடான பக்கம் 32 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25. இதற்கு வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தரும் பீங்கான் பல்பு விற்கிறது. அதைச் சுற்றிக் கம்பிக் கூடு கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் பாம்பு பல்பையே சுற்றிக்கொண்டு வெந்துபோகும். சூடு அளவு மீறாமல் தானாக நிறுத்துகிற கருவியும் உண்டு. அது பழுதானால் தெரியவேண்டுமென்று இரண்டு கோடியிலும் தெர்மாமீட்டர் வைத்தோம்.

பிறகு என் வீட்டுக்காரர் சொன்ன சோதனை. ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டுப் பெட்டிக்குள் டார்ச் விளக்கை எரியவிட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். வயர் போகும் ஓட்டையில் ஒரு கீற்று, பின்பலகை சேரும் இடத்தில் ஒரு கீற்று. இரண்டையும் அடைத்தோம். தலை நுழைகிற இடத்தில் பாம்பின் உடம்பும் நுழைந்துவிடும். மூன்று நாள் வெறும் பெட்டியில் சூட்டை ஓடவிட்டுத் தெர்மாமீட்டரைப் பார்த்தபிறகுதான் மணி குடிபோனான். மரக்கிளை ஒன்று, கவிழாத கனமான தண்ணீர்ப் பாத்திரம், ஒளிந்துகொள்ள இரண்டு கோடியிலும் இரண்டு சின்னப் பெட்டி, தரையில் பழைய செய்தித்தாள். அவ்வளவுதான் அவன் குடித்தனம். ஒளிய இடமில்லாவிட்டால் பாம்பு மிரண்டு சாப்பிடாமல் கிடக்குமாம்.

சாப்பாடு என்றதும் ஞாபகம் வருகிறது. உறைய வைத்த எலியைக் கடையில் வாங்கி, குளிர்ப்பெட்டியில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்! அன்றைக்கே அதற்கென்று தனியாக ஒரு சின்னக் குளிர்ப்பெட்டி வாங்க வைத்தேன். இதில் அருவருப்பைவிட ஆரோக்கியம்தான் பெரிது. பாம்பு, ஆமை, பல்லி இனங்களின் குடலில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கும். அவற்றுக்கு ஒன்றும் செய்யாது. நமக்கு வந்தால் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. ஐந்து வயசுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், வயதானவர்களுக்கும் கடுமையாகிவிடலாம். குழந்தை பாம்பைத் தொட வேண்டுமென்பதில்லை; தொட்டவர் கை கழுவாமல் தூக்கினாலே போதும். அதனால் பாம்பின் பாத்திரம் சமையலறைத் தொட்டிக்கு வரக்கூடாது, பெட்டி வேலை முடிந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவிச் சட்டை மாற்றிய பிறகே குழந்தை என்று எழுதிக் கதவில் ஒட்டினேன். சாவி தங்கையின் தாலிக்கொடிக்குப் பக்கத்தில் தொங்கியது!

பெண் குழந்தை பிறந்தது. நான் இருந்த நாலு மாதமும் மணி ஒருமுறைகூட வெளியே வரவில்லை. "இப்பத் தூக்கம் வருதுக்கா" என்றாள் தங்கை. எனக்கு அந்தப் பாம்பின்மேல் ஆசையெல்லாம் வந்துவிடவில்லை. ஆனால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சத்தமில்லாமல் நகர்ந்து, கிளையில் தலைவைத்துக் கிடப்பதைப் பார்க்கப் பார்க்க, எதற்கும் துணிந்த விரோதி என்று நினைத்திருந்த எண்ணம் போய்விட்டது.

ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டுப் பையன், "அத்தை, நானும் ஒண்ணு வளர்க்கட்டுமா?" என்று கேட்டான். கூடவே கூடாது! நம் நாட்டில் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு எதையும் வீட்டில் பிடித்து வைப்பது குற்றம். சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்களும் 2024இல் வந்த விதிகளின்படி அரசிடம் பதிவு செய்ய வேண்டும். பிள்ளைகள் பாம்பு பார்க்க ஆசைப்பட்டால் சென்னை கிண்டியில் இருக்கும் பாம்புப் பண்ணைக்குக் கூட்டிப் போங்கள். ராமுலஸ் விட்டேகர் தொடங்கியது அது.

நம் சகோதரிகளுக்கு இந்தப் பெட்டிக் கதையால் என்ன பயன் என்கிறீர்களா? பாம்பை உள்ளே அடைக்கிற அதே விதிதான் பாம்பை வெளியே நிறுத்தவும் உதவும். ராத்திரி வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, உள்ளே ஒருவர் டார்ச் அடிக்க, வெளியே ஒருவர் நின்று பாருங்கள். கதவுக்கடியில், ஜன்னல் மூலையில், சாக்கடைக் குழாய் வாயில் எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே வழி இருக்கிறது. கதவுக்கடியில் ரப்பர் பட்டை, குழாய் வாயில் வலை போடுங்கள். கோழிக்கூண்டுக்கு அரை அங்குலத்துக்கு மேல் கண் இல்லாத வலையே போடுங்கள். பெரிய கண் வலை கோழியை அடைக்கும், பாம்பைத் தடுக்காது. விறகும் செங்கல்லும் சுவரை ஒட்டி வேண்டாம். தீவனத்தை மூடியுள்ள டிரம்மில் வையுங்கள். எலி போனால் பாம்பும் போகும். தரையில் படுக்காமல் கட்டிலில் கொசுவலையை மெத்தைக்கடியில் செருகிப் படுங்கள். கட்டுவிரியன் ராத்திரியில் தூங்குகிறவர்களைத்தான் அதிகம் கடிக்கும். கடித்த வலிகூடத் தெரியாது. விடியும்போது வயிற்று வலி, கண் இமை சொருகல் என்றால் சந்தேகப்பட வேண்டும்.

கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், மந்திரிக்கப் போய் நேரத்தைப் போக்காதீர்கள். வளையல், மோதிரம், கொலுசு, மெட்டியைக் கழற்றிவிடுங்கள். வீங்கினால் அவையே இறுக்கும். கடிபட்ட கையையோ காலையோ ஒரு பலகையோடு சேர்த்து அசையாமல் வைத்து, நடக்கவிடாமல், 108க்குச் சொல்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருகிறவர்களில், 1978இல் ஆரம்பித்த வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தாருக்கு முக்கியமான இடம் உண்டு.

வீட்டுக்குள் வந்த பாம்பைக் கம்பெடுத்து அடிக்கப் போய்க் கடிபடுகிறவர்கள் பலர். குழந்தைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு, அது இருக்கும் அறைக் கதவைச் சாத்தி, கதவுக்கடியில் ஈரத்துணியைத் திணித்துவிட்டு, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் வந்து பிடித்துப் போவார்கள். இன்று ராத்திரியே அந்த டார்ச் சோதனையைச் செய்து பார்த்துவிடுங்கள், சகோதரிகளே. செலவு ஒன்றுமில்லை, கால்மணி நேரம்தான் ஆகும்.