ஜப்பான் தோழியும் நீல நோட்டும்

ஜப்பான் என்றதும் நம்மில் பலருக்கும் கைக்கடிகாரமும் டிரான்சிஸ்டரும் அதிவேக ரயிலும்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கு வருவது ஒரு சிமெண்டுத் தொட்டி. 1993ல் மதுரையில் நான் எம்.ஏ. தமிழ் படிக்கச் சேர்ந்தபோது, எங்கள் வகுப்பில் ஜப்பானிலிருந்து ஒரு பெண்ணும் வந்து சேர்ந்தாள். எனக்கே அவள் அறைத்தோழி.

தமிழ் படிக்க ஜப்பானிலிருந்து ஆள் வருமா என்று நினைக்காதீர்கள். சோழர் கல்வெட்டுகளை ஆராய்ந்த நொபொரு கராஷிமா 1960களிலேயே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து படித்தவர். 2013ல் நம் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. சுசுமு ஓனோ என்ற மொழியறிஞர், தமிழும் ஜப்பான் மொழியும் உறவு என்றே எழுதினார். மொழியியல் படித்தவர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. எங்கள் பேராசிரியருக்கோ அதில் ஏக உற்சாகம். தோழியைப் பார்க்கும்போதெல்லாம், "வாம்மா, நம்ம வீட்டுப் பொண்ணு" என்பார்.

தொட்டி விஷயத்துக்கு வருகிறேன். விடுதிக் குளியலறையில் தண்ணீர் பிடித்து வைக்கும் சிமெண்டுத் தொட்டி ஒன்று உண்டு. வந்த முதல் நாள் சாயங்காலம் அவள் அதைப் பார்த்துவிட்டு, புத்தகத் தமிழில் மிகவும் பணிவாகக் கேட்டாள்: "எல்லோரும் குளித்து முடித்த பிறகு நான் இதனுள் இறங்கி அமரலாமா?" விடுதிச் சமையல்கார அம்மா, "ஐயையோ, குடிக்கிற தண்ணியும் அதுலேருந்துதான் மொள்ளுறோம்" என்று பதறியதை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

பிறகுதான் விளக்கிச் சொன்னாள். அவர்கள் வீட்டில் குளியல் சாயங்காலம்தான், அதுவும் படுக்கப் போகும் முன். தொட்டிக்கு வெளியே ஒரு முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு, தலை முதல் கால் வரை அலசிவிட வேண்டும். அழுக்கெல்லாம் போன பிறகே வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்கிக் கழுத்தளவு அமிழ்ந்து உட்கார்வது. அது உடம்பு வலி தீர, மனசு ஆற. உள்ளே சோப்புப் போடக் கூடாது. வீட்டில் அத்தனை பேருக்கும் அதே தண்ணீர்தான். முதலில் தாத்தா, அப்புறம் அப்பா, பிள்ளைகள் என்று முறை வைத்து இறங்குவார்களாம். சூடு ஆறாமலிருக்க மேலே மூடி போட்டு வைப்பார்களாம். ஒருத்தர் குளித்த தண்ணீரில் இன்னொருத்தரா என்று எனக்கு முதலில் முகம் சுளித்தது. அவளுக்கோ நாம் குளித்துவிட்டு ஈரக் காலோடு அறைக்குள் வருவதும், செருப்பைக் கழிவறை வரை போட்டுப்போய் அதே செருப்போடு திரும்புவதும் பிடிக்கவில்லை. அவர்கள் வீட்டில் கழிவறைக்கென்றே ஒரு ஜோடிச் செருப்பு அதன் வாசலில் கிடக்குமாம். உள்ளே போகும்போது அதற்கு மாற்றிக்கொண்டு, வெளியே வரும்போது அங்கேயே விட்டுவிட வேண்டும். இந்த ஒரு வழக்கத்தை நான் கல்யாணமான மறுவாரமே என் வீட்டில் கொண்டுவந்தேன். மாமியாருக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. பிள்ளைகள் தவழ ஆரம்பித்ததும் அவரே காவல்காரர் ஆகிவிட்டார்.

1994 பொங்கலுக்கு அவளை எங்கள் ஊருக்கு அழைத்துப் போனேன். கம்பத்துக்குப் பக்கம், சுருளிப்பட்டி போகிற வழியில் சின்ன ஊர். (தேனி மாவட்டம் அப்போது பிறக்கவில்லை. எங்கள் முகவரியில் மதுரை மாவட்டம்தான். 1996ல்தான் பிரித்தார்கள்.) பஸ் சின்னமனூரைத் தாண்டி, இரண்டு பக்கமும் மலை நெருங்கி வர வர, அவள் ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை. "எங்கள் ஊர் போலவே இருக்கிறது" என்றாள். அவள் ஊர் யமனாஷி மாநிலம். சுற்றிலும் மலை, நடுவில் பள்ளத்தாக்கு. ஃபியூஜி மலை எட்டிப் பார்க்கும். ஜப்பானிலேயே திராட்சைக்குப் பேர்போன இடம் அது.

எங்கள் தோட்டத்துப் பந்தலைக் காட்டியபோது அவள் திகைத்து நின்றாள். அவர்கள் ஊரில் மார்கழி, தை என்றால் கொடியில் ஓர் இலைகூட இருக்காது. கோடையில் தொடங்கி இலையுதிர் காலத்துக்குள் அறுவடை முடிந்துவிடும், வருஷத்துக்கு ஒரே தடவைதான். இங்கே தை மாதத்தில் ஒரு தோட்டத்தில் பூ, அடுத்த தோட்டத்தில் பிஞ்சு, அதற்கடுத்ததில் கறுத்த பழம். கவாத்து செய்கிற காலத்தை மாற்றி மாற்றி, வருஷம் முழுவதும் பழம் பார்க்கிற பள்ளத்தாக்கு நம்முடையது. அங்கே ஒவ்வொரு கொத்துக்கும் காகிதப் பை மாட்டிக் காப்பார்களாம். விருந்தாளி வீட்டுக்கு ஒரே ஒரு கொத்தைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போவார்களாம். நம்மூரில் கூடையாகக் கொடுத்தாலும் போதவில்லை!

அவள் ஒவ்வொரு பழமாகத் தோலைப் பிதுக்கி நீக்கிவிட்டுச் சாப்பிட்டாள். அப்பத்தா வாயில் கைவைத்துக்கொண்டார். "ஏத்தா, திராட்சைக்குத் தோலுரிக்கிற பிள்ளைய இப்பத்தான் பாக்குறேன்!"

எங்கள் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த கொடி என்று சொல்வார்கள். அதன் உண்மைப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அதே மஸ்கட் ஹாம்பர்க்கை வேறொரு ரகத்தோடு சேர்த்து, ஜப்பானில் கவாகாமி ஜென்பெய் என்பவர் 1927ல் ஒரு புது ரகம் உண்டாக்கினார். தோழியின் மாநிலத்திலும் அது நிறையப் பயிராகிறது. ஆக, எங்கள் ஊர்ப் பழத்தின் பிள்ளை அவள் ஊரில் வளர்கிறது. இதெல்லாம் எனக்குப் பல வருஷம் கழித்துத் தெரிந்த சேதி. அன்றைக்கே தெரிந்திருந்தால் பேராசிரியரிடம் சொல்லி அவரை ஆனந்தக் கூத்தாட வைத்திருப்பேன்.

மாட்டுப் பொங்கலன்று சுருளி அருவிக்குப் போனோம். அங்கே பெண்கள் எல்லோரும் புடவையோடு நனைவதைப் பார்த்து, "துணியோடு குளித்தால் உடம்பு எப்படிச் சுத்தமாகும்?" என்று கேட்டாள். அவர்கள் ஊர் வெந்நீர் ஊற்றுகளில் பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம் என்று தடுத்திருப்பார்கள்; உள்ளே யாருக்கும் துணி கிடையாதாம். அம்மாவுக்கு இதை மொழிபெயர்த்துச் சொல்ல நான் பட்ட பாடு!

அன்று இரவு திண்ணையில் அப்பத்தாவும் அவளும் பேசிய பேச்சுத்தான் என் வாழ்க்கையில் மிச்சமாக நின்றது. அக்கா அப்போது ஏழு மாதம். வளைகாப்புக்குத்தான் வீட்டில் பேச்சு. அப்பத்தா கேட்டார், "ஒங்க ஊருல தலப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வருவாகளா?" வருவார்களாம்! அதற்கென்று அவர்கள் மொழியில் தனிப் பெயரே உண்டாம். பெற்று, ஒரு மாதம்வரை அம்மா கையால் சாப்பிட்டு, அப்புறம்தான் புருஷன் வீடு. ஐந்தாம் மாதத்தில் நாய்க்கு உரிய நாள் என்று பஞ்சாங்கம் பார்த்து, வயிற்றில் ஒரு நீளத் துணி சுற்றிக் கட்டுவார்களாம். நாய் சுலபமாகக் குட்டி போடும் என்பதால் அந்த நாள். "நாம பெத்த பெறகு கட்டுறோம், அவுக முன்னாடியே கட்டுறாக" என்று அப்பத்தா தீர்ப்புச் சொன்னார். நூறாம் நாள் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல் பாவனை செய்வார்களாம். பக்கத்தில் ஒரு கூழாங்கல்லும் வைப்பார்களாம், பல் கல்லுப்போல உறுதியாக வேண்டும் என்று. உதிர்ந்த தொப்புள்கொடியைச் சின்ன மரப்பெட்டியில் பத்திரப்படுத்துவார்களாம். அப்பத்தா சட்டென்று எழுந்துபோய், என் வெள்ளித் தாயத்தை எடுத்துவந்து காட்டினார். உள்ளே என் தொப்புள்கொடி. இரண்டு பேரும் பேச்சில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அவள் அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னாள். ஜப்பானில் ஒரு பெண் கர்ப்பம் என்று நகராட்சியில் பதிவு செய்ததும் ஒரு சின்னப் புத்தகம் கொடுக்கிறார்கள். தாய் சேய் நலப் புத்தகம். 1942ல் கர்ப்பிணிகளுக்கென்று தொடங்கி, 1948ல் தாய்க்கும் பிள்ளைக்குமாகச் சேர்த்து ஒரே புத்தகமாக்கினார்கள். யுத்தம் முடிந்து சோற்றுக்கே தவித்த காலம் அது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் புத்தகம். கர்ப்பத்தில் அம்மாவின் எடை, ரத்த அழுத்தம், பிரசவம் எப்படி, பிறந்த எடை, தடுப்பூசி, என்றைக்குக் குப்புற விழுந்தது, என்றைக்கு நின்றது, என்ன நோய் வந்தது, என்ன மருந்து கொடுத்தார்கள், எல்லாம் அதில். டாக்டர் எழுதும் பக்கமும் உண்டு, அம்மா எழுதும் பக்கமும் உண்டு. எந்த ஊருக்குக் குடிபோனாலும், எந்த டாக்டரிடம் போனாலும் அது கூடவே போகும். இந்தோனேசியா போன்ற நாடுகளும் பின்னால் இதைக் கற்றுக்கொண்டன. அவளுடைய அம்மா எழுதிய புத்தகத்தை அவள் பெரியவளானதும் அவளிடமே கொடுத்துவிட்டாராம்.

உப்பு விஷயமும் அந்தத் திண்ணையில் கேட்டதே. அவள் பாட்டி பக்கவாதத்தில் போனவர். ஊறுகாயும் மிசோ சூப்பும் இல்லாமல் சாப்பாடே இறங்காத ஊர்கள் அவை. பக்கத்து நாகானோ மாநிலத்தில் பக்கவாதச் சாவு அதிகம் என்று, ஊர்ப் பெண்களே தொண்டர்களாகச் சேர்ந்து, வீடு வீடாகப் போய் அடுப்படியில் சூப்பின் உப்பை அளந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பின்னாளில் ஜப்பானிலேயே நீண்ட ஆயுளுக்குப் பேர்பெற்ற மாநிலமாயிற்று அது. என் அம்மாவுக்கு அப்போதே ரத்தக்கொதிப்பு. "உப்பில்லாம எப்படித்தா?" என்று அம்மா முரண்டு பிடித்தார். "ஒரே நாளில் வேண்டாம் அம்மா, நாக்குக்குத் தெரியாமல் குறைக்கலாம்" என்றாள் அவள். மோர் சோற்றுக்கு உப்புப் போடுவதை அம்மா அதன் பிறகு நிறுத்தினார். நார்த்தங்காய் ஜாடி மட்டும் கடைசிவரை இடம் மாறவில்லை!

1997ல் எனக்கு மகள் பிறந்தாள். அப்போதே ஒரு நீல அட்டை நோட்டு வாங்கினேன். 2000ல் மகன், அவனுக்கு இன்னொன்று. பெரிய எழுத்து ஒன்றும் இல்லை. தடுப்பூசிச் சீட்டை ஒட்டுவேன். காய்ச்சல் என்றால் தேதி, எத்தனை டிகிரி, என்ன மருந்து, எத்தனை நாள். மகனுக்கு மூன்று வயதில் ஒரு தடவை மருந்து கொடுத்த இரண்டாம் நாள் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கிவிட்டது. டாக்டர் உடனே நிறுத்தச் சொன்னார். மருந்துப் பெட்டியின் அட்டையை வெட்டி நோட்டில் ஒட்டி, பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி வைத்தேன்.

அடுத்த வருஷம் உறவினர் கல்யாணத்துக்குத் தேனி போயிருந்தோம். ராத்திரி இவனுக்கு நெருப்பாகக் காய்ச்சல், மூச்சு வாங்குகிறது. முன்பின் தெரியாத டாக்டர். "எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா?" என்று கேட்டார். இவர், "ஏதோ ஒரு சிரப்பு... ரோஸ் கலரு..." என்று தடுமாறினார். நான் பையிலிருந்த நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அட்டையில் அமாக்ஸிசிலின் என்று இருந்தது. டாக்டர் அதைப் படித்துவிட்டு, எழுதிக்கொண்டிருந்த சீட்டைக் கிழித்துப் போட்டார். "இதே பென்சிலின் குடும்பத்து மருந்தத்தாம்மா ஊசியாப் போட இருந்தேன்" என்று சொல்லி வேறு மருந்து எழுதினார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது.

இப்போது நம் ஊரிலும் கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தாய் சேய் நல அட்டை கொடுக்கிறார்கள். தடுப்பூசி முடிந்ததும் அது எங்கே போகிறது என்று உங்கள் வீட்டிலேயே தேடிப் பாருங்களேன். அதைப் பத்திரமாக வைத்து, கூடவே நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். மருந்தின் பெயரைக் காதால் கேட்டு எழுதாமல், அட்டையையோ சீட்டையோ ஒட்டிவிடுங்கள். ஒத்துக்கொள்ளாத மருந்தை முதல் பக்கத்தில் எழுதுங்கள், நடுவில் புதைத்துவிடாதீர்கள். போனில் படமெடுத்து வைத்திருக்கிறேன் என்பாள் என் மகள். வைத்துக்கொள்ளட்டும், ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் சார்ஜ் இருந்தால் சரி.

தோழி ஊருக்குத் திரும்பிப்போய்ப் பள்ளி ஆசிரியை ஆனாள். அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது, அந்தப் புத்தகத்தின் அட்டையைப் படமெடுத்து அனுப்பினாள். பின்பக்கத்தில் தமிழில், "தங்கள் பாட்டியார் நலமா? திராட்சைத் தோலை இப்போது உரிப்பதில்லை" என்று எழுதியிருந்தாள். அப்பத்தா அதைக் கேட்டுவிட்டு, இரண்டு நாள் தெருவெல்லாம் சொல்லித் தீர்த்தார்.

என் மகள் போன மாதம் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பீரோவிலிருந்து அவளுடைய நீல நோட்டையும் தாயத்தையும் எடுத்துக் கொடுத்தேன். மாப்பிள்ளைதான் முதலில் புரட்டிப் பார்த்தார். "பதினோரு மாசத்துல நடந்திருக்கா, இவ்வளவு சோம்பேறி எப்பத்துலேர்ந்து ஆனா அத்தை?" என்று கேட்டு, அவளிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார்.