கேட்ட கடன்

நான் முதன்முதலில் இசையைக் கேட்டது பாயில் கிடந்தபடி. நோன்பு மாதத்தில், சஹருக்கு எழுப்ப வரும் பக்கீர் பாவாவின் றபான் மூன்று ஒழுங்கைகளுக்கு அப்பால் கேட்கத் தொடங்கும். உம்மா அடுப்படிக்குப் போய்விடுவா. நான் எழும்பமாட்டேன். பைத்தின் ஒவ்வொரு அடியின் முடிவிலும் பாவா குரலை இழுத்து நிறுத்தி, றபானில் இரண்டு தட்டுத் தட்டுவார். அந்த இரண்டு தட்டுக்கும் இடையில் எவ்வளவு நேரம் விடவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். தாளம் என்ற சொல்லைப் பிறகுதான் படித்தேன்.

அடுத்தது வாப்பாவின் றேடியோ. இலங்கை வானொலி முஸ்லிம் சேவையில் நாகூர் ஹனிபா பாடினால் வாப்பா வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிடுவார். மற்றவர்கள் குழைந்து இறங்கும் இடத்தில் ஹனிபா நிமிர்ந்து நிற்பார். தி.மு.க. மேடைகளில் பாடிப் பழகிய தொண்டை அல்லவா! கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் கொடியேறிய பன்னிரண்டு நாளும் அந்தக் குரல் காற்றோடு வரும். முகைதீன் பேக்கை எனக்குத் தந்தது பதுளையில் படிப்பித்த காலத்து வெசாக். சேலத்தில் பிறந்து இளம் வயதில் இங்கு வந்தவர். 1947 இல் 'அசோகமாலா' படத்தில் பாடினார். பிறகு அவருடைய பௌத்த பக்திப் பாடல்கள் சிங்கள வீடுகளிலெல்லாம் ஒலித்தன. தோரணத்தின் கீழே நின்று கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

பெருமைதான். இவர்களில் ஒருவருக்கும் நான் ஒரு சதம் கொடுத்ததில்லை.

வெறும் கெசற்றை வாங்கி, பாட்டுப் பட்டியலைத் துண்டில் எழுதி றெக்கோடிங் பாரில் கொடுத்தால் பின்னேரம் பதிந்து வைத்திருப்பார்கள். கெசற் கம்பனிக்குக் காசு, கடைக்காரருக்குக் காசு. பாடியவருக்கு எங்கள் துஆ. மார்க்கப் பாட்டுக்கு விலை பேசலாமா என்று ஒரு நியாயமும் கைவசம் இருந்தது. 2003 இல் புலமைச் சொத்துச் சட்டம் வந்தபோது வகுப்பில் பிள்ளைகளுக்கு அதை விளக்கினேன். வீட்டு அலுமாரியில் அப்படிப் பதிந்த கெசற் அறுபது இருந்தது. 2015 ஏப்ரலில் ஹனிபா மௌத்தானபோது யாசீன் ஓதினேன். அவருக்கு நான் கொடுத்த முதல் கூலி அதுதான்.

பாவாவின் கதை வேறு. அவர் என்னிடம் கேட்டார்.

பள்ளி ஒலிபெருக்கியே சஹருக்கு எழுப்பத் தொடங்கிவிட்ட காலம். ஒருநாள் வீட்டுக்கு வந்தார். "மகன், றபான் தோல் கிழிஞ்சி பெய்த்து. நல்ல ஆட்டுத் தோலொண்டு பாத்து வெச்சிரிக்கன்" என்றார். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. ஐம்பது ரூபா கொடுத்தேன். அந்தக் கிழமைதான் சீடி பிளேயர் வாங்கியிருந்தேன். அவர் பேசாமல் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ஹைர் மகன்" என்றார்.

அடுத்த நோன்புக்கும் வந்தார். றபான் இல்லை. கைத்தடியால் கேற்றுகளைத் தட்டிக்கொண்டு பாடிப் போனார். தகரக் கேற்றில் ஒரு சத்தம், இரும்பில் ஒரு சத்தம். இடைவெளி மட்டும் பிசகவில்லை. அதற்கடுத்த நோன்புக்கு அவர் இல்லை. அறுபது கெசற் வைத்திருந்தவன் அவருடைய குரலில் ஒரு நிமிடத்தைக்கூடப் பதிந்து வைக்கவில்லை.

இசை கூடுமா கூடாதா என்பதை ஆலிம்கள் பேசட்டும். கேட்டு முடித்துவிட்டு வெறுங்கையோடு எழும்பி வருவது கூடுமா என்று நம்மில் யாரும் பேசுவதில்லை. நம்முடைய இலக்கிய விழாக்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரமுகரை வாசலிலிருந்து மேடைவரை பொல்லடித்து அழைத்து வருவார்கள். பிரமுகருக்குப் பொன்னாடை. வேர்க்க வேர்க்க அடித்தவர்களுக்குச் சோற்றுப் பார்சல். நானும் இப்படியான குழுக்களில் இருந்திருக்கிறேன்.

போன வருஷம் ஒரு விழாக் கூட்டத்தில் பொல்லடிக் கோஷ்டிக்குக் கூலியும் வாகனச் செலவும் கேட்டேன். "அவங்க நம்மட ஊர்ப் பொடியன்மார்தானே சேர்" என்றார் ஒருவர். நம்மட ஊர்ப் பந்தல்காரருக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று கேட்டேன். வாக்குவாதம் இஷா வரை போனது. ஒருவாறு சம்மதித்தார்கள்.

விழா முடிந்து, காசு உறையை நான்தான் அண்ணாவியாரிடம் கொடுத்தேன். எழுபது வயதிருக்கும். ஓரமாகப் போய் எண்ணினார். திரும்பவும் எண்ணினார். பிறகு கிட்ட வந்து, தாழ்ந்த குரலில், "சேர், இத நாங்க திருப்பிக் கட்டோணுமா?" என்று கேட்டார்.